பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றுவது: தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

தகடூர் எழுத்தர்

அனைவருக்கும் வணக்கம். தருமபுரிக்குச் சற்றுத் தள்ளியுள்ள அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். பழைய பள்ளி. பதிவறையில் உள்ள முதல் சில சேர்க்கைப் பதிவேடுகளின் அட்டையில் 'சேலம் ஜில்லா' என்றே அச்சிட்டிருக்கிறது. 1965 அக்டோபர் 2-இல் தருமபுரி தனி மாவட்டமானதற்குப் பிறகு வந்தவற்றில்தான் நம் மாவட்டத்தின் பெயர் வருகிறது.

வருகிற ஜூன் மாதத்திற்குள் எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்கிறார் தாளாளர். பள்ளி மேலாண்மை மென்பொருள் விற்கும் நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து இயக்கிக் காட்டினார். சேர்க்கை, வருகை, மதிப்பெண், கட்டணம், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் ஒரே திரையில் வருகின்றன. நன்றாகவே இருந்தது. கிளம்பும்போது, "எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் இந்தப் பீரோக்களைக் காலி செய்துவிடலாம், இடம் மிச்சம்" என்றார். அது எனக்கு உறுத்துகிறது.

இப்போது படிக்கும் பிள்ளைகளின் விவரம் ஏற்கெனவே பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் என்ற இணையதளத்தில் இருக்கிறது. அதில் இல்லாதவர்கள், என்றோ படித்துவிட்டுப் போனவர்கள். அலுவலக ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பவர்களும் அவர்கள்தாம். ஒருவருக்குப் பிறந்த தேதிச் சான்று வேண்டும், ஒருவருக்குத் தொலைந்துபோன மாற்றுச் சான்றிதழின் நகல் வேண்டும், இன்னொருவருக்குத் தேர்வாணையத்திடம் காட்டத் தமிழ்வழிச் சான்று வேண்டும். சேர்ந்த ஆண்டு அவர்களுக்கே சரியாக நினைவிருக்காது. ஒருவருக்காக ஐந்தாறு தொகுதிகளை இறக்கிப் புரட்டுகிறோம். புரட்டப் புரட்டத் தாளின் ஓரம் உதிர்கிறது. இரண்டு தொகுதிகளில் கரையான் ஏறிவிட்டது.

முழுவதையும் தட்டச்சு செய்வதா, ஸ்கேன் எடுத்தால் போதுமா? அதன் பிறகு காகிதத்தை என்ன செய்வது? இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பாப்பிரெட்டிப்பட்டி கணினி மையம்

தயங்காமல் முழுவதையும் தட்டச்சு செய்துவிடுங்கள், நண்பரே. வில்லங்கச் சான்று, பட்டா, சாதிச் சான்று எல்லாம் கணினிக்கு வந்து எத்தனை காலம் ஆகிறது. பள்ளிக்கூடங்கள்தாம் பின்தங்கிக் கிடக்கின்றன. என் மையத்திற்கு வயதானவர்கள் வருகிறார்கள். ஓய்வூதியத்திற்கு, வாரிசு விவகாரத்திற்கு என்று பள்ளிச் சான்று கேட்டுப் போனால் "பதிவேடு கிடைக்கவில்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள் என்று புலம்புகிறார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவரை அப்படித் திருப்பி அனுப்புவது பாவம். பெயரைத் தட்டினால் திரையில் வந்து நிற்க வேண்டும். காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

ஓசூர் நிரலாளர்

எழுத்தர் ஐயா, அவசரப்பட்டு முழுத் தட்டச்சில் இறங்காதீர்கள். மென்பொருள் எழுதுவது என் தொழில். சில பள்ளிகளுக்கு இந்த மாற்றத்தைச் செய்துகொடுத்திருக்கிறேன்.

சேர்க்கைப் பதிவேட்டின் ஒரு வரியில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சேர்க்கை எண், பெயர், தகப்பனார் பெயர், அவர் தொழில், பிறந்த தேதி, இனம், தாய்மொழி, முன்பு படித்த பள்ளி, அம்மைத் தழும்பு உண்டா இல்லையா, அங்க அடையாளங்கள், சேர்ந்த வகுப்பு, நீங்கிய தேதி, நீங்கிய காரணம், மாற்றுச் சான்றிதழ் எண். ஐம்பது அறுபது ஆண்டுக்கு முந்தைய கையெழுத்தில், மங்கிய மையில் இருக்கும் இதை, தினக்கூலிக்கு வரும் ஒரு பிள்ளை தட்டச்சு செய்யும்போது 3 என்பது 8 ஆகும், 1 என்பது 7 ஆகும். யாருக்கும் தெரியாது. பத்து ஆண்டு கழித்து அந்தத் தவறான தேதியே சான்றாக அச்சாகி வெளியே போகும்.

அதனால் பழையவற்றுக்கு வேறு வழி. பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். தட்டச்சு, தேடுவதற்கான அட்டவணைக்கு மட்டும் போதும்: பெயர், தகப்பனார் பெயர், சேர்ந்த ஆண்டு, சேர்க்கை எண், தொகுதி எண், பக்க எண். தேடினால் அந்தப் பக்கத்தின் படம் திறக்க வேண்டும். சான்று எழுதுபவர் படத்தில் உள்ள மூல எழுத்தைப் பார்த்தே எழுத வேண்டும். வேலையும் பாதிக்கும் குறைவாகிவிடும், பிழையால் வரும் ஆபத்தும் போகும்.

தகப்பனார் பெயரையும் ஆண்டையும் நான் வலியுறுத்துவதற்குக் காரணம் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாது, மாதன், மாதேஷ், மாதம்மாள் என்று தேடினால் பாதிப் பள்ளி வரும்! அதிலும் மாதேஷ், மாதேஸ், மாதேசு என்று மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். தேடும் பெட்டி இந்த வேறுபாடுகளைத் தாங்க வேண்டும். எழுத்துரு கட்டாயம் யூனிகோடாக இருக்கட்டும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் வேறு கணினிக்குப் போனதும் குழம்பிப்போவதை அலுவலகங்களில் பார்த்திருப்பீர்கள்.

படம் எடுக்கும்போது 300 டி.பி.ஐ. துல்லியம் போதும். பதிவேட்டை அகல விரித்து இயந்திரத்தில் அழுத்தாதீர்கள், தையல் விட்டுப்போகும். மேலிருந்து படம் எடுக்கும் தாங்கி ஒன்றை வாங்குங்கள், அல்லது உள்ளூர் தச்சரிடம் செய்துகொள்ளுங்கள். வண்ணத்தில் எடுங்கள். கோப்பு சிறிதாகும் என்று கருப்பு வெள்ளையில் எடுத்துவிடாதீர்கள்.

பாலக்கோடு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

தம்பி கடைசியில் சொன்ன வண்ணப் படம் என்பதை எழுத்தர் அடிக்கோடு போட்டுக்கொள்ள வேண்டும். அதன் அருமை பள்ளிக்கூட அலுவலகத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

சேர்க்கைப் பதிவேடு நிரந்தரப் பதிவேடு. வருகைப் பதிவேடு போலக் காலம் கழித்து அழிக்கக்கூடியது அன்று. அதில் ஒன்றைத் திருத்த வேண்டுமானால் அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, மேலே தாள் ஒட்டக் கூடாது. பழையது படிக்கும்படியாகவே ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே சிவப்பு மையில் புதியதை எழுதி, எந்த ஆணையின்படி என்று எண்ணும் தேதியும் குறித்து, தலைமையாசிரியர் கையொப்பமிட வேண்டும். எனக்கு மூத்த தலைமையாசிரியர்கள் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் இது. கருப்பு வெள்ளையில் படம் எடுத்தால் எது மூலம், எது திருத்தம் என்பதே தெரியாமல் போகும்.

இனி என் கவலைக்கு வருகிறேன். மென்பொருளில் திருத்தம் எப்படி நடக்கிறது? ஒருவர் பிறந்த தேதிக் கட்டத்தில் போய் ஓர் எண்ணை மாற்றிச் சேமித்துவிட்டால் முன்பு என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? யார் மாற்றினார், எப்போது, எந்த ஆணையின்படி? காகிதத்தில் ஒரு திருட்டுத் திருத்தம் நடந்தால் மையின் நிறம் காட்டிக்கொடுக்கும், கையெழுத்து காட்டிக்கொடுக்கும், சுரண்டிய இடம் வெளிச்சத்தில் தெரியும். கணினியில் எல்லா எண்களும் ஒரே அச்சில்தான் இருக்கும்.

பழைய நாளில் பிறந்த தேதியே எப்படி எழுதப்பட்டது என்று இளையவர்கள் அறிந்துகொள்ளுங்கள். பிள்ளையின் வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது நிறைந்ததாகக் கணக்கு. சேர்க்கை நடக்கும் மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணி ஒரு தேதியை ஆசிரியரே எழுதிவிடுவார். பழைய பதிவேட்டில் பாதிப் பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்திருப்பது அதனால்தான். அந்தத் தேதி மெய்யோ இல்லையோ, அந்த மனிதரின் வேலை, ஓய்வு, ஓய்வூதியம் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. அதைக் காக்க வேண்டியது பள்ளி. வேறு எந்த அலுவலகத்திலும் அது கிடையாது.

அரூர் வழக்கறிஞர்

தலைமையாசிரியர் ஐயா சொன்னதற்குச் சட்டத்தின் பக்கத்திலிருந்து வலுச் சேர்க்கிறேன்.

சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 94-இல் ஒருவரின் வயதை எப்படி முடிவு செய்வது என்று வரிசை இருக்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புத் தேர்வு வாரியத்தின் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. போக்சோ வழக்குகளிலும் குழந்தைத் திருமண வழக்குகளிலும் பள்ளித் தலைமையாசிரியர் சாட்சிக் கூண்டில் ஏறிச் சேர்க்கைப் பதிவேட்டை விரித்துக் காட்டுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் அந்தப் பதிவேட்டைத்தான் தாக்குவார். யார் எழுதியது, எந்த ஆவணத்தைப் பார்த்து எழுதியது, திருத்தம் இருக்கிறதா என்று கேட்பார். காகிதத்தைக் கடைக்குப் போட்டுவிட்டு, தட்டச்சு செய்த பட்டியலை மட்டும் கொண்டுவந்து நீட்டினால் அந்தத் தலைமையாசிரியர் என்ன பதில் சொல்வார்?

மின்னணு ஆவணம் செல்லாது என்று நான் சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் உரிய சான்றிதழோடு கொடுக்க வேண்டும். அந்தச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஒரு கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும் என்பது நிரலாளருக்குத் தெரியும். பதிவேட்டுப் படங்களை எடுத்து முடித்த அன்றே எல்லாக் கோப்புகளுக்கும் அந்த மதிப்பைக் கணக்கிட்டு, அச்சிட்டு, தலைமையாசிரியர் கையொப்பத்தோடு வைத்துவிடுங்கள். பின்னாளில் பெரிய உதவியாக இருக்கும்.

பென்னாகரம் தேர்வர்

நான் ஜன்னலுக்கு வெளியே நிற்பவன். அந்தப் பக்கத்தையும் கேளுங்கள்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் அதைத் திருத்தினார்கள். பட்டத்தை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியிலேயே இருந்திருக்க வேண்டும். நியாயமான திருத்தம்தான், வரவேற்கிறேன். அதன் விளைவு, முதல் வகுப்பிலிருந்து படித்த பள்ளிகளில் எல்லாம் சான்று வாங்க வேண்டும். என் பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தவர்கள். நான் பாட்டி வீட்டில், அத்தை வீட்டில், விடுதியில் என்று பள்ளி மாறி மாறிப் படித்தவன். ஒரு பள்ளியில் என் ஆண்டுக்கான பதிவேடே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மழையில் நனைந்து போய்விட்டதாம். விண்ணப்பத்தின் கடைசி நாள் நெருங்குகிறது, நான் அங்கே படித்ததற்கு என்னோடு படித்தவர்களின் வாய்மொழியைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

காகிதம்தான் உறுதி என்று பேசும் பெரியவர்களைக் கேட்கிறேன். அந்த உறுதியான காகிதத்திற்கு ஒரே ஒரு படி இருந்தது. அது நனைந்தது, என் மூன்று ஆண்டுப் படிப்பு இல்லாமல் போய்விட்டது. யாராவது ஒருவர் கைப்பேசியிலாவது படம் எடுத்து வைத்திருந்தால் நான் இப்படி அலைந்திருக்க மாட்டேன்.

பாலக்கோடு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

தம்பி, உங்கள் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது. கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூலத்தை அழிக்காதீர்கள், படியும் வையுங்கள் என்கிறேன். வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு கொடுங்கள். உங்களை அனுப்பிய பள்ளி மாற்றுச் சான்றிதழைப் போலக் கொடுத்த பதிவுத்தாளின் எண்ணும், சேர்த்துக்கொண்ட பள்ளியின் பதிவேட்டில் 'முன்பு படித்த பள்ளி' என்ற கட்டமும் இருக்கும். அடுத்த பள்ளியின் பதிவேட்டிலிருந்து முந்தைய பள்ளியை நிறுவ முடியும். அந்தப் பக்கத்தின் சான்றளித்த நகலை மனுவோடு இணையுங்கள்.

பென்னாகரம் தேர்வர்

மிக்க நன்றி ஐயா. அந்தக் கட்டத்தைப் பற்றி இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நாளையே போகிறேன்.

ஓசூர் நிரலாளர்

தேர்வருக்குச் சொன்ன அந்த வழி எனக்கும் புதிய செய்தி. அட்டவணையில் 'முன்பு படித்த பள்ளி' என்ற கட்டத்தையும் சேர்த்துவிட வேண்டும். ஒரு பள்ளியின் பதிவேடு போனால் பக்கத்துப் பள்ளியின் அட்டவணை கைகொடுக்கும்.

தலைமையாசிரியர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நல்ல மென்பொருளில் திருத்த வரலாறு என்று ஒன்று இருக்கும். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றியவரின் பயனர் பெயர், தேதி, நேரம் ஆகியவை தானாகப் பதிவாகும். அதை யாராலும் அழிக்க முடியாதபடி செய்யலாம். பிறந்த தேதி, பெயர், இனம் ஆகிய மூன்றையும் எழுத்தர் நேரடியாக மாற்ற முடியாது, அவர் முன்மொழியலாம், தலைமையாசிரியர் ஆணை எண்ணைக் குறித்து ஏற்றால்தான் மாறும் என்றும் வைக்கலாம். நீங்கள் சொன்ன சிவப்பு மை முறையை அப்படியே மென்பொருளுக்குள் கொண்டுவர முடியும். ஆனால் விற்பவர் இதைத் தானாகச் செய்து தர மாட்டார். கேட்டு வாங்க வேண்டும். அடுத்த முறை அவர் வரும்போது, ஒரு மாணவரின் பிறந்த தேதியை உங்கள் கண்முன் மாற்றச் சொல்லுங்கள். பிறகு பழைய தேதியை எங்கே பார்ப்பது என்று கேளுங்கள். அவரால் காட்ட முடியவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தும் பழக்கம் இருந்தால் இந்த வரலாறு பயனற்றது. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல்.

சித்தேரி அடிவாரம், ஆசிரியை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் என்று ஒருவர் இருக்கும் பள்ளிகளைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். மலையிலும் மலையடிவாரத்திலும் உள்ள தொடக்கப் பள்ளிகளில் இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பும் அவர்களுக்குத்தான், எமிஸ் வேலையும் அவர்களுக்குத்தான். காலையில் வருகையைச் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்கும் இடம் தேடிக் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடக்கும் ஆசிரியர்களை இங்கே வந்தால் பார்க்கலாம். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதையின் மேல் ஏற்றிக் கொண்டுபோவதைத் தேர்தல் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்த ஊர்களிலும் பள்ளிக்கூடம் உண்டு.

எழுத்தர் அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பள்ளிக்கென்று தனி மென்பொருள் வாங்கிய பிறகு எமிஸ் நின்றுவிடாது. காகித வருகைப் பதிவேடும் நிற்காது. ஒரே வருகையை மூன்று இடத்தில் குறிக்கும் நிலை ஆசிரியருக்கு வரும். அந்த நேரம் எங்கிருந்து வருகிறது? பாட நேரத்திலிருந்துதான். எது நிற்கப்போகிறது என்று முடிவு செய்யாமல் புதிதாக ஒன்றைத் தொடங்காதீர்கள்.

அதே நேரம், தினசரி வருகை உடனுக்குடன் தெரிவதை நான் குறைத்துப் பேச மாட்டேன். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பெண் பிள்ளை நான்கைந்து நாள் தொடர்ந்து வரவில்லை என்றால் எங்கள் பகுதியில் அதற்கு ஒரு பொருள் உண்டு. ஒன்று, பெற்றோரோடு வேலைக்கு வெளியூர் போயிருக்கிறாள். இல்லையென்றால் வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது. மாதக் கடைசியில் விழுக்காடு போடும்போது அதைக் கண்டுபிடித்து என்ன பயன்? மூன்றாம் நாளே தலைமையாசிரியரின் திரையில் அந்தப் பெயர் வந்தால் வீட்டுக்குப் போய்ப் பேசலாம், தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். விற்பவர் அழகான வரைபடங்கள் காட்டுவார். எனக்கு அந்த ஒரு பட்டியல் போதும்.

பாப்பிரெட்டிப்பட்டி கணினி மையம்

டீச்சர் சொன்னதைப் படித்த பிறகு நான் முதலில் சொன்னதில் பாதியை மாற்றிக்கொள்கிறேன். பழைய பதிவேடுகளுக்குப் படமும் அட்டவணையும் போதும். ஆனால் நடப்பு மாணவர்களுக்கு முழு விவரமும் தட்டச்சில் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் போன்ற உயர்கல்வி உதவித்தொகைத் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதற்குப் பிள்ளை 6 முதல் 12 வரை எங்கே படித்தது என்பது பார்க்கப்படுகிறது. 2024-25 முதல் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் புதுமைப் பெண் உண்டு என்பதால் எழுத்தரின் பள்ளிக்கும் இது நேரடியாகப் பொருந்தும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கும் 6 முதல் 12 வரையிலான விவரம்தான் கேட்கிறார்கள். ஒரு வகுப்பில் பயிற்று மொழி தவறாகப் பதிவாகியிருந்தால் அந்தப் பிள்ளை கல்லூரி சேரும் நேரத்தில் அலைய வேண்டியிருக்கும்.

தளி, தெலுங்குவழி ஆசிரியர்

எங்கள் பக்கத்து நிலவரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் தெலுங்கு, கன்னடம், உருது வழிப் பள்ளிகள் உண்டு. பழைய பதிவேடுகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் எல்லாம் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கும். தமிழ் மட்டும் தெரிந்தவரை அட்டவணை போட உட்கார வைத்தால் பெயர்களைத் தோராயமாக எழுதிவிடுவார். படம் எடுப்பது என்ற முடிவு எங்களுக்கு இரண்டு மடங்கு பொருந்தும்.

இன்னொன்று. 2004 பிப்ரவரி 9-இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் ஓசூரில் பிறந்தவரின் பதிவில் 'தருமபுரி மாவட்டம்' என்றிருக்கும், 1965-க்கு முன்பென்றால் சேலம். தட்டச்சு செய்பவர் நல்லெண்ணத்தில் அதைக் 'கிருஷ்ணகிரி' என்று திருத்திவிடுகிறார். மென்பொருளே சில இடங்களில் இன்றைய மாவட்டப் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறது. எழுதியிருப்பதை எழுதியபடியே ஏற்ற வேண்டும். அதற்கு வெறும் எழுத்துக் கட்டம் வேண்டும், பட்டியல் வேண்டாம்.

எல்லை தாண்டும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கம் பெற்றோருக்கு வேலை மாறினால் பிள்ளை கர்நாடகப் பள்ளிக்குப் போகும், ஓர் ஆண்டு கழித்துத் திரும்பும். அங்கே அவர்களுக்கு சாட்ஸ் என்று தனித் தளம், நமக்கு எமிஸ். ஒன்றின் எண் மற்றதில் செல்லாது. நாடு முழுவதற்குமான யுடைஸ் பிளஸ் தளம் தரும் நிரந்தரக் கல்வி எண்ணைத்தான் இரண்டு பக்கமும் பயன்படுத்திக்கொள்ள முடியும். நீங்கள் வாங்கும் மென்பொருளில் அந்த எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பர்கூர், இரு பிள்ளைகளின் தாய்

நான் ஆசிரியர் இல்லை. பெற்றோராக இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும்.

என் மூத்த மகள் ஒரு தனியார் பள்ளியில் படித்தாள். அந்த ஆண்டு மாந்தோப்பில் எங்களுக்கு விளைச்சல் இல்லை, கட்டணத்தில் ஒரு பகுதி பாக்கி நின்றது. அரசுப் பள்ளியில் சேர்க்கப் போனோம். பழைய பள்ளி கணினியில் அவளை விடுவிக்கவில்லை. எமிஸில் பள்ளி மாறும் பிள்ளைகளை வைக்கும் பொதுத் தொகுப்புக்குப் பெயர் வந்தால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் ஏற்ற முடியும் என்றார்கள். புதிய பள்ளியின் தலைமையாசிரியை நல்லவர், பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்துக்கொண்டார். ஆனால் அவள் பெயர் எந்தப் பள்ளியிலும் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்த நாட்களில் எனக்குத் தூக்கம் இல்லை. காகித நாளில் சான்றிதழைத் தர மறுத்தார்கள் என்றால் இப்போது ஒரு பொத்தானை அழுத்தாமல் இருந்தாலே போதும் என்று ஆகிவிட்டது.

இரண்டாவது, என் கைப்பேசி எண். பள்ளியில் கொடுத்த எண் பயிற்சி மையங்களுக்கு எப்படிப் போகிறது? பத்தாவது தேர்வு முடிந்த மறுநாளே மகளின் பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள்.

அரூர் வழக்கறிஞர்

அம்மா, உங்களைப் போன்றவர்களுக்காகவே சட்டம் தெளிவாக இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5-இன்படி தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, கேட்டவுடன் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். அது வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது. கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது, பாக்கி இருப்பதாக அதில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. கணினியில் விடுவிக்காமல் இருப்பதும் என் பார்வையில் அதே குற்றம்தான். முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள்.

எண் கசிவது பற்றி: 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. எழுத்தரின் பள்ளி போடும் ஒப்பந்தத்தில், மாணவர் விவரத்தை நிறுவனம் வேறு எவருக்கும் தராது என்ற வாசகம் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஓசூர் நிரலாளர்

ஒப்பந்தத்தில் இன்னும் சில. தரவு பள்ளிக்குச் சொந்தம் என்று எழுத வேண்டும். எந்த நாளிலும் முழுவதையும் எக்செல் போன்ற பொதுவான வடிவத்தில் பள்ளியே இறக்கிக்கொள்ளும் வசதி வேண்டும். ஆண்டுக் கட்டணத்தை நிறுத்தினால் பூட்டிவிடும் மென்பொருளிடம் மாட்டிக்கொண்ட பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளைகளின் விவரத்தைப் பணயம் வைத்துப் பேரம் நடக்கும். அதுவும் நம் பர்கூர் அம்மா சொன்ன கதைதான், பள்ளியின் இடத்தில் நிறுவனம், பிள்ளையின் இடத்தில் பள்ளி.

சொந்தமாக எழுதிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம், பராமரிக்க ஆள் இருக்காது. நிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருள்கள் இருக்கின்றன. கேரள அரசுப் பள்ளிகளின் மேலாண்மை மென்பொருளான சம்பூர்ணா, பெங்களூரில் உருவான ஃபெடீனா என்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்டதுதான். ஆனால் நிறுவிப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அதில் இறங்காதீர்கள். எழுத்தரின் பள்ளிக்கு என் யோசனை இது: நடப்பு மாணவர்களுக்கு எமிஸ் பட்டியலை இறக்கி அதிலிருந்தே தொடங்குங்கள், மறுபடி தட்டச்சு செய்யாதீர்கள். டீச்சர் கேட்ட மூன்று நாள் பட்டியல், சான்றுகள், கட்டண ரசீது, இவ்வளவு போதும். பழைய பதிவேடுகளின் படங்கள் அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகவே வேண்டாம். பள்ளிக்குள் ஒரு கணினியில், இரண்டு ஹார்டு டிஸ்க் படிகளோடு இருக்கட்டும். ஒரு படி வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை படியைத் திறந்து பாருங்கள். திறக்காமல் வைத்த படி இருக்கிறதென்று நம்ப முடியாது.

தகடூர் எழுத்தர்

எல்லோருக்கும் என் நன்றி. இந்த இழையை அச்சிட்டுத் தாளாளரிடம் கொடுத்தேன். வழக்கறிஞர் எழுதியதை இரண்டு முறை படித்தார். பீரோக்களைக் காலி செய்யும் பேச்சு இனி இல்லை. கரையான் ஏறிய சுவரை விட்டு விலக்கி இரும்பு அலமாரி வாங்க ஒப்புக்கொண்டார்.

முடிவானவை இவை. ஏப்ரல், மே விடுமுறையில் பதிவேடுகளை வண்ணத்தில் படம் எடுக்கிறோம். கரையான் ஏறிய இரண்டு தொகுதிகளும் முதலில். அட்டவணையில் ஏழு கட்டங்கள், 'முன்பு படித்த பள்ளி' உட்பட. அட்டவணை போடுபவர் ஒருவர், அதைப் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பவர் வேறொருவர். மென்பொருள் நடப்பு மாணவர்களுக்கு மட்டும். வருகையை ஆசிரியர்கள் புதிய மென்பொருளில் குறிக்கப்போவதில்லை. எமிஸில் குறித்ததை நான் மாலையில் இறக்கி ஏற்றிவிடுகிறேன். மூன்றாம் நாள் பட்டியல் ஒருநாள் தாமதமாக வரும், ஆனால் வரும்.

ஒரு சந்தேகம் மீதி. கிழிந்த பக்கங்களை லேமினேஷன் செய்துவிடலாம் என்கிறார் ஒருவர். செய்யலாமா?

பாலக்கோடு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

கூடவே கூடாது. வெப்பத்தில் மை மங்கும், பிளாஸ்டிக் ஒட்டிய தாளைப் பிறகு பிரிக்க முடியாது. செலோ டேப்பும் வேண்டாம், பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். கிழிந்த பக்கத்தை மெல்லிய திசுத்தாளும் மாவுப் பசையும் வைத்து ஒட்டத் தெரிந்த பழைய பைண்டர்கள் தருமபுரியில் இன்னும் இருக்கிறார்கள். பசையில் சிறிது மயில்துத்தம் சேர்க்கச் சொல்லுங்கள், பூச்சி அண்டாது. ஆனால் படம் எடுத்து முடித்த பிறகே பைண்டரிடம் கொடுங்கள். பதிவேடு பள்ளியை விட்டு வெளியே போகக் கூடாது, அவரைப் பள்ளிக்கு வரவழையுங்கள்.

சித்தேரி அடிவாரம், ஆசிரியை

ஆசிரியர்களின் வருகை வேலையைக் கூட்டாமல் முடிவெடுத்ததற்கு எழுத்தருக்கு நன்றி. அந்த மூன்றாம் நாள் பட்டியலில் பெயரும் வகுப்பும் மட்டும் போதாது. ஊர்ப் பெயரும் வரும்படி செய்யுங்கள். ஒரே ஊரிலிருந்து நான்கு பிள்ளைகள் ஒன்றாக வராமல் இருந்தால் குடும்பங்கள் வேலைக்குக் கிளம்பிவிட்டன என்று தெரியும், போகும் இடத்துப் பள்ளியில் சேர்க்க முன்கூட்டியே பேசலாம். ஒரு பெண் மட்டும் வரவில்லை என்றால் அன்று மாலையே போக வேண்டிய வீடு அது.

தகடூர் எழுத்தர்

ஊர்ப் பெயரையும் சேர்த்துவிட்டேன், டீச்சர். விற்பனையாளர் திங்கட்கிழமை வருகிறார். பிறந்த தேதியை மாற்றிக் காட்டச் சொல்லப்போகிறேன். என்ன நடந்தது என்று இங்கே எழுதுகிறேன்.